அரிசியா பணமா என்று எங்களிடம் யாரும் கேட்கவில்லை

2023-ஆம் ஆண்டு ஜூலை மாதக் கடைசியில் ஒரு மாலை, பெங்களூரில் எங்கள் மர்பி டவுன் தெருவில் பூ கட்டி விற்கும் பெண்மணி மூன்று வங்கிகளின் பாஸ்புக்குகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். நான் வங்கியில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவள் என்பதால் தெருவில் எனக்கு 'பேங்க் அம்மா' என்றே பெயர். பாஸ்புக்கோடு யாராவது வருவது எனக்குப் புதிதல்ல. அவர் கேட்டது ஒன்றுதான்: ரேஷன் அரிசிக்குப் பதிலாக அரசு போட்ட பணம் இந்த மூன்றில் எந்தக் கணக்கில் வந்திருக்கிறது?

அந்த மாதம் 10-ஆம் தேதிதான் கர்நாடக அரசு, ஏழைகளுக்கு இலவச அரிசி தரும் அன்னபாக்கியா திட்டத்தின் கூடுதல் அரிசிக்குப் பதிலாகப் பணம் போடத் தொடங்கியிருந்தது. மத்திய அரசின் 5 கிலோவோடு மேலும் 5 கிலோ சேர்த்து ஆளுக்குப் பத்துக் கிலோ அரிசி தருவதாகப் புதிதாக வந்த அரசு வாக்களித்திருந்தது. மாதத்துக்குச் சுமார் 2.28 லட்சம் டன் கூடுதலாகத் தேவைப்பட்ட வேளையில், வெளிச்சந்தைத் திட்டத்தின் கீழ் மாநிலங்களுக்கு அரிசி விற்பதை மத்திய அரசு ஜூன் மாதம் நிறுத்திவிட்டது. அரிசி கிடைக்காததால் கிலோவுக்கு 34 ரூபாய் கணக்கில் ஆளுக்கு 170 ரூபாயை, வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கான பிபிஎல் ரேஷன் கார்டில் குடும்பத் தலைவராகப் பதிவானவரின் ஆதார் இணைந்த வங்கிக் கணக்கில் போடுவது என்று முடிவாயிற்று. அரசுக்கு நெருக்கடி இருந்தது உண்மை, நோக்கத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த முடிவுக்கும் அந்தப் பெண்மணியின் பிளாஸ்டிக் பைக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஆதாரை வங்கிக் கணக்கோடு இணைத்துவிட்டேன் என்று நாம் சொல்லும்போது அதில் இரண்டு வேறு வேலைகள் கலந்திருக்கின்றன. கணக்கு வைத்திருப்பவர் இன்னார்தான் என்பதற்கு அடையாளமாக ஆதார் எண்ணைப் பதிவது ஒன்று. அரசுப் பணம் வந்தால் இந்தக் கணக்குக்கே வரவேண்டும் என்று வங்கிகளுக்கிடையே பணம் செலுத்தும் வசதியை நடத்தும் என்பிசிஐ நிறுவனம் வைத்திருக்கும் பட்டியலில் அந்த எண்ணைச் சேர்ப்பது மற்றொன்று. முதலாவதை எத்தனை கணக்குகளில் வேண்டுமானாலும் செய்யலாம். இரண்டாவது ஒரே ஒரு கணக்குக்குத்தான் செல்லும், அதுவும் கடைசியாகச் சேர்த்த கணக்குக்கு. பூ விற்கும் பெண்மணி சில ஆண்டுகளுக்கு முன் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தபோது சம்பளத்துக்கென்று ஒரு கணக்கு தொடங்கியிருந்தார். வேலையை விட்ட பிறகு அதை மறந்தே போய்விட்டார். பணம் அங்கேதான் விழுந்திருந்தது. நான்கு பேருக்கான 680 ரூபாயில் ஒரு பகுதியை, குறைந்தபட்ச இருப்பு வைக்கவில்லை என்பதற்கான அபராதமாக அந்த வங்கி எடுத்துக்கொண்டிருந்தது. வாழ்நாளெல்லாம் வங்கியில் இருந்தவள் நான். ஓர் ஏழை வீட்டின் அரிசிப் பணத்திலிருந்து அபராதம் பிடித்த அந்த ஒரு வரியை நிமிர்ந்து அவருக்குப் படித்துக் காட்ட என்னால் முடியவில்லை.

"அரிசின்னா தூக்கிட்டு வந்து பானையில போட்டுடுவேன்மா. காசுன்னா அது எங்க வந்துச்சுன்னே தெரியலையே" என்றார் அவர். மேலும் ஒன்று சொன்னார். எங்கள் தெருக்கோடி மளிகைக் கடையில் அப்போது சாதாரண அரிசியே கிலோ 50 ரூபாய். 680 ரூபாய்க்கு இருபது கிலோ வராது, பதின்மூன்றரைக் கிலோதான் வரும். மீதி ஆறரைக் கிலோவை யார் கொடுப்பது என்று அவர் கேட்டார்.

அதே தெருவில் அவருக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் இளம் தம்பதி இதற்கு நேர்மாறாகப் பேசினார்கள். ரேஷன் அரிசியை அவர்கள் சோற்றுக்கு வைப்பதில்லை. கொஞ்சத்தை இட்லி மாவுக்கு ஊறவைத்துவிட்டு மீதியை வீடு வீடாக வந்து வாங்குபவரிடம் கிலோ இருபது ரூபாய்க்கும் குறைவாக விற்றுவந்தார்கள். அவர்களுக்கு 34 ரூபாய் என்பது லாபம். அடுத்த சந்தில் ஒரு கூட்டுக் குடும்பம் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ரேஷன் கார்டில் குடும்பத் தலைவராக இருக்கவேண்டியவர் பதினெட்டு வயது நிரம்பிய பெண்களில் மூத்தவர், ஆகவே அங்கே தலைவி மாமியார். அடுப்படியில் நிற்பவர் மருமகள். அரிசியாக வந்தபோது அது நேரே மருமகளின் கைக்கு வந்தது. பணமாக வந்தபோது மாமியாரின் கணக்குக்குப் போயிற்று, அங்கிருந்து மூத்த மகனின் பைக் தவணைக்கும் போயிற்று. ஒரே தெருவுக்குள் மூன்று வீடுகளுக்கு மூன்று நியாயங்கள். இவற்றில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. கர்நாடகத் தலைமைச் செயலகமான விதான சௌதாவில் அமர்ந்து எந்தக் கோப்பைப் புரட்டினாலும் இந்த மூன்றும் தெரியவராது, தெருவுக்கு வந்து கேட்டால்தான் தெரியும் என்று மட்டும் சொல்கிறேன்.

இதைப்பற்றி என் தங்கை மகளிடம் தொலைபேசியில் புலம்பிக்கொண்டிருந்தபோதுதான் ஆஸ்திரேலியாவின் கதை எனக்குத் தெரியவந்தது. அவள் டார்வின் நகரில் சமூகப் பணியாளராக இருக்கிறாள். "பெரியம்மா, உங்கள் ஊரில் அரிசியை எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுக்கிறார்கள், இங்கே பணத்தை எடுத்துக்கொண்டு கார்டைக் கொடுத்தார்கள். இரண்டு இடத்திலும் வாங்குகிறவர்களைக் கேட்கவில்லை" என்றாள். அதற்குப் பிறகு பல மாதங்கள் அதைத் தேடித் தேடிப் படித்தேன்.

அங்கே அதற்கு 'வருமான மேலாண்மை' என்று பெயர். அரசு தரும் உதவித்தொகையில் ஒரு பங்கைக் கையில் பணமாகத் தராமல், உணவு, உடை, வாடகை போன்றவற்றுக்கு மட்டுமே செலவாகும்படி கட்டிவைப்பது அந்த முறை. 2007 ஜூன் மாதம், டார்வினைத் தலைநகராகக் கொண்ட வடக்குப் பிரதேசத்து முதற்குடி மக்களின் குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு ஆளாவதைப் பற்றிய விசாரணை அறிக்கை ஒன்று வெளியாயிற்று. ரெக்ஸ் வைல்ட், பாட் ஆண்டர்சன் என்ற இருவர் தயாரித்த அந்த அறிக்கை, எந்தத் திட்டமானாலும் முதற்குடி மக்களோடு உண்மையாகக் கலந்துபேசியே வகுக்கவேண்டும் என்பதைத் தன் முதல் பரிந்துரையிலேயே வலியுறுத்தியிருந்தது. அறிக்கை வெளியான சில நாள்களில், ஜூன் 21 அன்று, பிரதமர் ஜான் ஹோவர்டின் அரசு அந்த மக்களிடம் எதையும் கேட்காமலேயே அவசரகால நடவடிக்கையை அறிவித்தது. ஆகஸ்டு 7 அன்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சட்ட வரைவுகள் அன்றைக்கே கீழவையில் நிறைவேறின. அவை சில நூறு பக்கங்கள் கொண்டவை. 1975-ஆம் ஆண்டின் இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தை இந்த நடவடிக்கைகளுக்குப் பொருந்தாதபடி ஒதுக்கிவைத்தார்கள். 73 குடியிருப்புகளில் வாழ்ந்தவர்களின் உதவித்தொகையில் பாதியை, குடிப்பவர் குடிக்காதவர், பிள்ளைகளை நன்றாக வளர்ப்பவர் வளர்க்காதவர் என்ற வேறுபாடு எதையும் பாராமல் கட்டிவைத்தார்கள்.

2008-இல் அதற்கென்று 'பேசிக்ஸ் கார்டு' வந்தது. மது, புகையிலை, சூதாட்டம், ஆபாசப் பொருள்கள் ஆகியவற்றுக்கு அது செல்லாது. அனுமதி பெற்ற கடைகளில் மட்டுமே செல்லும். தங்கை மகள் பார்த்த ஒரு காட்சியைச் சொன்னாள். பல்பொருள் அங்காடியில் வரிசையில் அவளுக்கு முன்னால் நின்ற ஒரு பாட்டி, பொருள்களையெல்லாம் மேடைமேல் எடுத்து வைத்துவிட்டுக் கார்டை நீட்டினார். அதில் மீதி எவ்வளவு என்று அவருக்குத் தெரியவில்லை. கார்டு மறுக்கப்பட்டதும் முதலில் ஒரு பால் டப்பாவை எடுத்து ஓரமாக வைத்தார், மறுபடியும் தேய்த்தார்கள், பிறகு ரொட்டியை எடுத்து வைத்தார், மறுபடியும் தேய்த்தார்கள். பின்னால் நின்றவர்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம். அந்தப் பாட்டி தன் வாழ்நாளில் குடித்ததே இல்லை என்று பிறகு அவரிடம் பேசியபோது தெரிந்துகொண்டாளாம்.

ஆனால் அதே கார்டைத் தங்களுக்கு வேண்டுமென்று சொன்ன பெண்களும் அங்கே இருக்கிறார்கள். உதவித்தொகை வரும் நாளில் உறவினர்கள் சூழ்ந்துகொண்டு பணம் கேட்டு நச்சரிப்பது அங்கே பெரிய தொல்லை. கையில் பணமில்லை, கார்டில்தான் இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்க அது உதவியது என்கிறார்கள் அவர்கள். எங்கள் கூட்டுக் குடும்பத்து மருமகளை நான் நினைத்துக்கொண்டேன். இதனால்தான் கார்டு நல்லதா கெட்டதா என்ற கேள்வியைவிட, யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று கேட்டு அவரவர் விருப்பப்படி விடலாமே என்ற கேள்வி எனக்கு முக்கியமாகப்படுகிறது.

கேட்டார்கள், ஒருமுறை. 2009 ஜூன் முதல் ஆகஸ்டு வரை அரசு அதிகாரிகள் குடியிருப்புகளுக்குச் சென்று கூட்டங்கள் நடத்தினார்கள். அந்தக் கூட்டங்களில் சிலவற்றின் பதிவுகளை, குடும்ப நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி அலஸ்டேர் நிக்கல்சன் உள்ளிட்டோர் ஆராய்ந்து அதே ஆண்டு ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். போதிய முன்னறிவிப்பு இல்லை, மொழிபெயர்ப்பாளர்கள் பல இடங்களில் இல்லை, கூட்டம் நடத்தியவர்கள் அரசின் ஆள்களாகவே இருந்தார்கள், எல்லாவற்றுக்கும் மேலாக அரசு முன்பே எடுத்துவிட்ட முடிவுகளைப் பற்றித்தான் பேச்சு நடந்தது என்று அந்த அறிக்கை கூறியது. கல்யாணத் தேதியைக் குறித்து, மண்டபத்துக்கு முன்பணமும் கொடுத்துவிட்டுப் பெண்ணிடம் சம்மதம் கேட்பதைப் போன்றது அது. 2010-இல் இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் மீண்டும் நடைமுறைக்கு வந்தது; வருமான மேலாண்மையோ நிற்காமல் வடக்குப் பிரதேசம் முழுவதற்கும் விரிந்தது. அரசே ஏற்பாடு செய்த மதிப்பாய்வு 2014-இல் வெளியானபோது, திட்டத்தின் முக்கிய நோக்கங்கள் நிறைவேறியதற்குக் குறிப்பிடத்தக்க சான்று எதையும் காணமுடியவில்லை என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

நம் பக்கத்திலும் இத்தகைய கதைகளுக்குக் குறைவில்லை. தமிழ் வாசகர்களுக்கு மிக அருகில் புதுச்சேரி இருக்கிறது. 2015 செப்டம்பரில் மத்திய அரசு அங்கே ரேஷன் தானியத்தை நிறுத்தி வங்கிக் கணக்கில் பணம் போடும் முறைக்கு மாற்றியது. பிறகு புதுச்சேரி அரசின் இலவச அரிசியும் பணமாக மாறிற்று. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு அரிசி வேண்டும் என்றும் துணைநிலை ஆளுநர் பணம்தான் என்றும் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்ததில் ரேஷன் கடைகள் பூட்டிக் கிடந்தன. 2024-இல் தீபாவளியை ஒட்டித்தான் அவை மீண்டும் திறந்தன. அந்த இழுபறி முழுவதிலும், அரிசிச் சோறு உண்ணும் அந்த வீடுகளில் யாருக்கு எது வேண்டும் என்று வாசல் ஏறிக் கேட்டிருந்தால் ஒரு மாதத்தில் முடிந்திருக்கவேண்டிய வேலை அது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜார்க்கண்டில், ராஞ்சிக்குப் பக்கத்தில் உள்ள நக்ரி வட்டாரத்தில் 2017 அக்டோபரில் நடந்தது இன்னும் கொடுமையானது. கிலோ ஒரு ரூபாய்க்கு அரிசி வாங்கிக்கொண்டிருந்தவர்களிடம், உங்கள் கணக்கில் மானியம் போடுகிறோம், அதை எடுத்துவந்து ரேஷன் கடையிலேயே கிலோ சுமார் 32 ரூபாய் கொடுத்து அதே அரிசியை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். பணம் வந்ததா என்று பார்க்க வங்கிக்கு ஒரு நடை, எடுக்க இன்னொரு நடை, பிறகு கடைக்கு ஒரு நடை. ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போயிற்று. சில மாதங்கள் கழித்து பொருளியலாளர் ஜான் த்ரெஸ் முதலானோரும் உணவு உரிமை இயக்கத்தினரும் கணக்கெடுத்தபோது 97 விழுக்காட்டினர் இந்த முறை வேண்டாம் என்றார்கள். மக்கள் ராஞ்சி வரை நடந்தே சென்று முறையிட்டார்கள். 2018 ஆகஸ்டில் அரசு அதைக் கைவிட்டது. அந்தக் கேள்வியை 2017 செப்டம்பரில் கேட்டிருந்தால் அந்த நடைகள் எதுவும் தேவைப்பட்டிருக்காது.

கேட்டால் எல்லோரும் அரிசிதான் என்று சொல்வார்கள் என்றும் நினைக்கவேண்டாம். 2011-இல் ரீத்திகா கெரா முதலான பொருளியலாளர்கள் ஒன்பது மாநிலங்களின் கிராமங்களில் இதே கேள்வியைக் கேட்டார்கள். மூன்றில் இரு பங்கினர் உணவுப்பொருளே வேண்டும் என்றார்கள், ஆனால் இடத்துக்கு இடம் பதில் மாறியது. ரேஷன் கடை ஒழுங்காக நடந்த தமிழ்நாடு, சத்தீஸ்கர் போன்ற மாநிலங்களில் அரிசிக்கு ஆதரவு மிகுதி. கடையே ஒழுங்காகத் திறக்காத பீகாரில் பணம் வேண்டும் என்றவர்கள் கணிசமாக இருந்தார்கள். எங்கள் தெருவின் மூன்று வீடுகளும் அந்த ஒன்பது மாநிலங்களும் எனக்கு ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன.

இனி, என் மனத்தில் அதிகம் உறுத்தும் பகுதிக்கு வருகிறேன். 2025 பிப்ரவரியில் கர்நாடக அரசு பணத்தை நிறுத்திவிட்டு அரிசிக்கே திரும்பியது. பூ விற்கும் பெண்மணி மகிழ்ந்திருப்பார் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் அதற்குள் ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஓடியிருந்தது. நாங்கள் இருவரும் சேர்ந்து வங்கிக்கு நடந்து, பழைய கணக்கை மூடி, பணம் சரியான கணக்குக்கு வரும்படி மாற்றியிருந்தோம். அந்த 680 ரூபாயை நம்பி அவர் மாதச் சீட்டு ஒன்றில் சேர்ந்திருந்தார். சீட்டு முடிய ஏழு மாதம் இருக்கையில் பணம் நின்றது. மீதித் தவணைகளைப் பூ வியாபாரத்திலிருந்து அவர் எப்படிக் கட்டினார் என்பது எனக்குத் தெரியும், கடைசி இரண்டு தவணைகளுக்குக் கைமாற்றுக் கொடுத்தவளே நான்தான். கொடுத்தபோதும் கேட்கவில்லை, நிறுத்தியபோதும் கேட்கவில்லை. ஒரு கெட்ட ஏற்பாட்டைக் கூட மக்கள் தங்கள் உழைப்பால் தமக்கேற்றபடி வளைத்துக்கொள்கிறார்கள். அதை எடுக்கும்போது அந்த உழைப்பும் சேர்ந்து போகிறது.

ஆஸ்திரேலியாவிலும் இப்படித்தான் ஆயிற்று. 2016 மார்ச்சில் தெற்கு ஆஸ்திரேலியாவின் செடூனாவில் தொடங்கி, பிறகு கிழக்கு கிம்பர்லி முதலிய இடங்களுக்குப் பரவிய மற்றொரு கார்டு, உதவித்தொகையில் 80 விழுக்காட்டைக் கட்டிவைத்தது. உள்ளூர்த் தலைவர்கள் சிலரின் ஆதரவோடுதான் அது வந்தது, அவர்களில் சிலர் பின்னர் தம் ஆதரவைத் திரும்பப் பெற்றார்கள். கார்டால் சமூகத் தீமைகள் குறைந்தனவா என்று சொல்வது கடினம் என 2018-இல் அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் எழுதியது. 2022-இல் ஆட்சி மாறியதும் அந்தக் கார்டை ஒழிக்கச் சட்டம் இயற்றி 2023 மார்ச்சில் முடித்துவைத்தார்கள். அந்தக் கார்டு ஒழிந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. இருந்தாலும், அதை ஆதரித்துவந்தவர்கள் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று குறைப்பட்டதையும் நான் நியாயமான குறையாகவே எடுத்துக்கொள்கிறேன். வடக்குப் பிரதேசத்தில் வருமான மேலாண்மை இன்றைக்கும் வேறொரு கார்டோடு தொடர்கிறது.

நம் நாட்டில் கேட்பதற்கான இடங்கள் சட்டத்திலேயே இருக்கின்றன. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, மாநிலம், மாவட்டம், வட்டாரம் ஆகியவற்றோடு ஒவ்வொரு ரேஷன் கடைக்கும் ஒரு கண்காணிப்புக் குழு இருக்கவேண்டும் என்றும், அதில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், ஆதரவற்றோர் ஆகியோருக்கு உரிய இடம் வேண்டும் என்றும் சொல்கிறது. சட்ட வரைவுகளைக் குறைந்தது முப்பது நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும் என்று மத்திய அரசு 2014-இல் ஒரு கொள்கை முடிவு எடுத்தது. ஆனால் இணையதளத்தில் வைப்பது வேறு, பூ விற்பவரிடம் கேட்பது வேறு. எங்கள் ரேஷன் கடைச் சுவரில் கன்னடத்தில் அறிவிப்பு ஒட்டுகிறார்கள். இந்த மாநிலத்தில் அதுவே முறை. இங்குள்ள வயதான தமிழர்களும் உருது பேசுவோரும் கன்னடம் நன்றாகப் பேசுவார்கள், பலருக்குப் படிக்கத் தெரியாது. கடைக்காரர் அரிசி போடும் நாளில் வரிசையில் நிற்பவர்களிடம் வாய்மொழியாகக் கேட்டு ஒரு நோட்டில் குறித்துக்கொண்டால் போதும். வரிசை எப்படியும் இரண்டு மணி நேரம் நிற்கிறது.

2025 அக்டோபரில் மாநில அமைச்சரவை மறுபடியும் ஒரு மாற்றத்துக்கு ஒப்புதல் தந்தது: கூடுதல் 5 கிலோ அரிசிக்குப் பதிலாகப் பருப்பு, எண்ணெய், சர்க்கரை, உப்பு அடங்கிய உணவுப் பை. சத்துக்கு நல்லதாகக்கூட இருக்கலாம். செய்தியைக் கேள்விப்பட்ட வாரத்தில் எங்கள் தெருக்காரர்கள் கோயில் திண்ணையில் கூடினோம். பணம் பிடித்தவர்கள், அரிசி பிடித்தவர்கள், மருமகள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. ஆனால் உணவுத் துறைக்கு ஒரு மனு எழுதுவதில் யாருக்கும் மறுப்பு இல்லை. எங்கள் கடைக்குச் சட்டப்படியான கண்காணிப்புக் குழுவை அமைத்து அதன் பெயர்களைச் சுவரில் எழுதவேண்டும், எந்த மாற்றமானாலும் இரண்டு மாதம் முன்னதாக வரிசையில் சொல்லிக் கருத்துக் கேட்கவேண்டும், கேட்டதில் எதை ஏற்றார்கள் எதை விட்டார்கள் என்பதைத் திரும்பவந்து சொல்லவேண்டும் என்று மூன்றே கோரிக்கைகள். பத்தாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் கன்னடத்தில் அழகாக எழுதிக்கொடுத்தான். பூ விற்கும் பெண்மணி அதை முழுவதும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மூன்றாவது கோரிக்கையை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார், பிறகு முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார்.